பிரமிடு படத்தின் மூலையில் ஒட்டிய தாள்

நான் இதை எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சுவரில்தான். 'இங்கு விளம்பரம் செய்யாதீர்' என்று காரைக்காலில் எத்தனையோ சுவர்களில் எழுதியிருக்கிறேன். தாளில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறந்து ஒரு கருத்துச் சொல்லவும் எனக்கு வராது. ஆனால் ஒரு மனிதரைப் பற்றி என் மனதில் இன்னும் தெளிவு வரவில்லை. எழுதிப் பார்த்தால் வருமோ என்னவோ.

எனக்குத் தொழில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது. அவர் வீட்டுக் கூடத்துக்கு வருஷா வருஷம் நோன்பு மாதம் பிறக்கும் முன்னால் நானும் என் கூட்டாளி சேகரும்தான் அடிப்போம். அவர் பெயரை எழுதப்போவதில்லை. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தெருவில் அவருக்கு சபுராளி என்று பெயர். வெளிநாடு போய்ச் சம்பாதித்து வந்தவர்களை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நான் பாய் என்று கூப்பிடுவேன். இப்போது அவர் இல்லை.

ஒல்லியான உடம்பு. எப்போதும் கட்டம் போட்ட கைலி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எதிரில் நிற்பவர் பேசி முடிக்கும் முன்பே அவர் தலை ஆட ஆரம்பித்துவிடும். யார் என்ன சொன்னாலும் அதைத்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தது போல முகம் மலரும்.

மண்டபத்தூரிலிருந்து ஒரு அம்மாள் கூடையில் மீன் கொண்டுவருவார். வாசலில் கூடையை இறக்கும்போதே, "பாய், இன்னிக்கு மத்திதான் இருக்கு" என்பார்.

"அட, காலையிலேர்ந்து மத்தியத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்பார் இவர்.

உடனே உள்ளேயிருந்து குரல் வரும். "நேத்து வஞ்சரம்னு சொன்னப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்து வஞ்சரம் நெனச்சேன். இன்னிக்கு மத்தி நெனச்சேன். மனுசன் ஒரே மீனையா நெனச்சுக்கிட்டு இருப்பான்?"

"அவ கூடையில என்ன இருக்குதோ அது எப்புடித்தான் ஒங்க நெனப்புல வருதோ."

மீன்கார அம்மாள் சிரித்துவிடுவார். உள்ளேயிருந்து பேசுவது அவர் மனைவி. கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கும். வெளி ஆண்கள் முன்னால் அவர்கள் வரமாட்டார்கள். தங்கள் வழக்கத்தில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் லாத்தா என்றே கூப்பிடுவேன். இத்தனை வருஷத்தில் அவர்கள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. டீ டம்ளரை நீட்டும் கை தெரியும், குரல் தெரியும். கடைத்தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரியாது. வாய் திறந்து பேசினால் தெரிந்துகொள்வேன்.

அந்த வீடு அரசலாற்றங்கரைப் பக்கம். பிரெஞ்சுக்காரன் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஒரு முழம் கனம். கடல் பக்கத்தில் இருப்பதால் சுவரில் உப்புப் பூக்கும். என்ன பட்டி பார்த்து, என்ன பிரைமர் அடித்தாலும் ஒரு மழைக்காலம் போனால் ஓதம் ஏறி, அந்த ஈரத்தில் பெயிண்ட் அப்பளம் போல எழும்பிவிடும். கூடத்தின் மேற்குச் சுவரில்தான் அது அதிகம். தொழும்போது அவர்கள் பார்த்து நிற்கும் அந்தச் சுவரில்தான் படம் மாட்டியிருந்தது.

படம் என்றால் சின்னப் படம் இல்லை. இறக்க இரண்டு ஆள் வேண்டும். பெரிய புகைப்படத்தைப் பலகையில் ஒட்டி, கண்ணாடி போடாமல் சட்டம் மட்டும் அடித்தது. கீழே மணல், மேலே வெளுத்த வானம், நடுவில் எகிப்து நாட்டுப் பிரமிடு. பக்கத்தில் போய் நின்றால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும். உச்சியில் மட்டும் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும், யாரோ உச்சியிலிருந்து பட்டி பார்த்துக்கொண்டு வந்து பாதியில் விட்டுவிட்டு இறங்கினது போல. சேகர் முதல் தடவை பார்த்ததும், "டேய், நம்ம ஆளு ஒருத்தன் அங்கயும் பூச்சு வேலைய அரையும் கொறையுமா வுட்டுட்டு வந்துருக்கான் பாரு" என்றான்.

வலது பக்கக் கீழ்மூலையில் மணல் மேல் ஒரு பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சேகருக்கு வாய் சும்மா இருக்காது. "பாய், இது நீங்க போன எடமா?"

பாய் ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்தார். "போன எடமாவா? பாதி வரைக்கும் ஏறிட்டேன். கீழேர்ந்து போலீஸ்காரன் விசில் ஊதுறான். எறங்கி வந்தா, அவனும் நானும் டீ குடிச்சோம்."

சேகருக்குப் பரம சந்தோஷம். அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் எதிர்வீட்டு ஹாஜியார் வந்தார். கண்டிப்பான மனிதர். படத்தைப் பார்த்து, "தொழுவுற கூடத்துல பிர்அவ்ன் கபுர மாட்டி வச்சிருக்கியளே, நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். பிர்அவ்ன் என்றால் பழைய காலத்துக் கொடுங்கோல் ராஜா, அவன் சமாதி இது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாய் தலையை ஆட்டினார். "அதுக்காகத்தான் ஹாஜியாரே. அவ்வளவு ஆட்டம் போட்டவனுக்கும் கடைசியில கல்லுதான் மிச்சம்னு தெனம் பாக்கணுமில்ல. படிப்பினை." ஹாஜியாருக்கும் திருப்தி.

கரண்டு கணக்கெடுக்க வந்தவரிடம், சிமெண்டுக் கம்பெனிக் காலண்டரைப் பெரிதாக்கியது என்றார். வாஸ்து பார்க்கிற ஒருவர் திருநள்ளாற்றிலிருந்து எதற்கோ வந்தார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு சக்தி இருக்குங்க" என்றார். "இருக்குங்க, இது வந்ததுலேர்ந்து எனக்கு மூட்டு வலி கொறஞ்சிருக்கு" என்றார் பாய். ஏணி மேல் நின்ற எனக்குக் கை நின்றுவிட்டது. காலையில்தான் அவர் மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பொய் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்பவருக்கு ஏதாவது ஆதாயம் இருக்க வேண்டும். இவருக்கு என்ன ஆதாயம்? கேட்டவர் முகம் மலர வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பழுப்புத் தாள் விஷயமும் ஹாஜியார் பேச்சில்தான் தெரிந்தது. தொழுகை நடக்கும் இடத்தில் உயிருள்ளவற்றின் படம் இருக்கக் கூடாதாம். மனிதனோ மிருகமோ தெரியும்படி எதையும் மாட்டமாட்டார்கள். படத்தின் மூலையில் ஏதோ இருந்திருக்கிறது. அதை மறைக்கத்தான் தாள். என்ன இருந்தது என்பதற்கும் பாயிடம் ஆளுக்கு ஒரு பதில் இருந்தது. ஹாஜியாரிடம் ஒட்டகம் என்றார். சேகரிடம் கண்ணடித்து, "நாந்தான் நிக்கிறேன், கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு" என்றார். ஒரு தடவை பெருநாளுக்கு வந்திருந்த அவர் மச்சான் கேலியாக, "யாரோ ஒரு மிஸ்ருக்காரிய மறச்சு வச்சிருக்கீயும்போல?" என்று கேட்டார். மிஸ்ரு என்றால் எகிப்து. பாய் அதற்கும், "கண்டுபுடிச்சிட்டீயுமே" என்று சிரித்தார். அன்று திரைக்குப் பின்னால் பாத்திரம் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை. நானும் அவரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் குழந்தை, வெயிலில் நடந்து வந்தார்கள். வெளியூர்க்காரர்கள். "ஐயா, இப்புடியே போனா நள்ளாறு பஸ் நிக்கிற எடம் வருங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வரும் வரும், போங்க" என்றார்.

அவர்கள் போனது கடற்கரைப் பக்கம். பஸ் ஸ்டாண்டு அதற்கு நேர் எதிர்த் திசையில். எனக்குப் பதறியது. "பாய், அது கடலுக்குப் போற ரோடுங்க!"

"தெரியும் தம்பி."

"அப்பறம் ஏன் அப்புடி சொன்னீங்க?"

"அந்தப் புள்ள மொகத்த பாத்தீங்களா? இல்லன்னு சொன்னா அங்கேயே உக்காந்துருக்கும். தெம்பே இல்ல." சொல்லிவிட்டு ஒரு ஆட்டோவை நிறுத்தினார். "முன்னால ஒரு குடும்பம் நடந்து போவுது. ஏத்திக்கிட்டு, கடல ஒரு பார்வை காட்டிட்டு, நள்ளாறு பஸ்ல ஏத்தி வுட்டுடுப்பா. வாடகைய நாந் தர்றேன்."

இது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. முதலிலேயே சரியான வழியைச் சொல்லியிருந்தால் ஆட்டோ எதற்கு?

இன்னொன்று. அதே தெருவில் ஒரு அம்மாவின் மகன் துபாய்ப் பக்கம் போய்ப் பேச்சு மூச்சு இல்லாமல் இருந்தான். அந்த அம்மா இவரிடம் வந்து, நீங்கள் அங்கே இருந்தபோது அவனைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். "பாத்தேனே, நல்லா சதை போட்டிருக்கான். ஒங்கள கேட்டான்" என்றார். பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு நாட்டில் இருந்தவர்கள். பிறகு அந்தப் பையன் ஊருக்கு வந்தான், குச்சி மாதிரி. அந்த அம்மா இவரிடம் சண்டைக்கு வரவில்லை. "ஒங்க வார்த்தையிலதான் பாய் அன்னிக்கு சோறு எறங்குச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த லாத்தா திரைக்குப் பின்னால், "நல்லாச் சொன்னா. எனக்கும் அப்புடித்தான் எறங்குச்சு" என்றார்கள். சிரித்துக்கொண்டு சொன்னார்களா, இல்லையா, திரை இருந்ததால் தெரியவில்லை.

நான் மட்டும் படத்தைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்டதில்லை. கூச்சம்தான் காரணம். ஒரு வருஷம் நான் ஏணியில் நின்று உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், "என்னங்க தம்பி, வர்றவன் போறவன் எல்லாரும் கேக்குறான். நீங்க கேக்கவே மாட்டேங்குறீங்களே?" என்றார்.

"என்னத்தங்க பாய்?"

"அந்தப் படத்த."

"எனக்கு வேல இருக்குங்க."

அவர் கைலியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "கேட்டா சொல்லிடுவேன். கேக்காதவங்களுக்கு என்ன சொல்றதுன்னுதான் வெளங்கல" என்றார். குரல் எப்போதும் போல இல்லை. நான் கீழே பார்த்தேன். ஏதோ சொல்ல வருவது போல இருந்தது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ? கேட்டிருந்தால் எனக்குப் பிடித்த மாதிரி ஒன்றைச் சொல்லியிருப்பாரோ? நான் மறுபடி சுவரைத் தேய்க்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேருக்கும் ஹஜ்ஜுக்குப் போக இடம் கிடைத்தது. வழியனுப்ப உறவுக்காரர்கள் வருவார்கள் என்று கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டார்கள். நல்ல கோடை. ஆனால் முந்தைய மழையில் ஏறிய ஓதம் மேற்குச் சுவரில் இன்னும் காயவில்லை. படத்தின் கீழ்ப் பலகை ஊதியிருந்தது. பழுப்புத் தாளின் ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றது. காலையில் நானும் சேகரும் படத்தை இறக்கிக் கூடத்தின் நடுவில் நாற்காலிகள் மேல் சாய்த்து வைத்தோம். சேகர் மத்தியானம் சாப்பிடப் போனவன் வரவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பு எல்லோரிடமும் போய் மாப்புக் கேட்க வேண்டும், அதாவது மன்னிப்பு. தெரிந்து செய்த தப்பு, தெரியாமல் செய்த தப்பு எல்லாவற்றுக்கும். மனிதர்கள் மன்னிக்காததைக் கடவுளிடம் போய்க் கேட்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. பாய் இரண்டு நாளாகத் தெருத் தெருவாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் வெளியே கிளம்பும்போது என் முன்னாலும் வந்து நின்றார்.

"தம்பி, ஒங்க மனசு நோவும்படி எதும் பேசியிருந்தா மாப்புச் செய்யணும்."

பட்டித் தகட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ஐயோ, நீங்க என்னங்க பாய் பண்ணீங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லன்னு சொல்லப்படாது. கொடுத்தேன்னு சொல்லணும்."

"கொடுத்தேங்க."

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் திரை அசைந்தது.

"தம்பி."

"சொல்லுங்க லாத்தா."

"ஒங்ககிட்ட கேட்டதும் கொடுத்துட்டீங்க. எங்கிட்டயும் கேட்டாரு. நான் இன்னும் கொடுக்கல."

அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். என்னிடம் பேசினார்களா, தனக்குத் தானே பேசினார்களா என்பதே சந்தேகமாக இருந்தது.

"எதுக்கு மாப்புன்னு கேட்டேன். எல்லாத்துக்கும்னாரு. எல்லாத்துக்கும்னா எதுக்கு? எதக் கொடுக்குறேன்னு தெரியாம எப்புடித் தம்பி கொடுக்குறது? வாயால கொடுத்துடலாம். மனசு கொடுக்கணுமில்ல. கொடுக்கலன்னா அவரு ஹஜ்ஜு என்னாவறது? பொய்யா கொடுத்தேன்னு சொல்லிட்டு போனா என் ஹஜ்ஜு என்னாவறது?"

பிறகு அவர்கள் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். பாய் வெளிநாட்டில் இருந்தபோது ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும் அடுத்த மாசம் வருகிறேன் என்பாராம். வருஷக் கணக்காக அடுத்த மாசம்தான். நடுவில் அவருடைய முதலாளி அவரை எகிப்தில் இருந்த தன் வீட்டு வேலைக்குக் கூட்டிப் போய்விட்டதாகச் சொன்னாராம். அங்கேயும் சில வருஷம். கடைசியில் ஒரு நாள் வந்து இறங்கினார். பெட்டியோடு ஒரு நீளக் குழாய். அதற்குள் இந்தப் படம் சுருட்டி இருந்தது. கூடத்தில் விரித்தவர், லாத்தா அடுப்பங்கரையிலிருந்து வருவதற்குள் மூலையில் தாளை ஒட்டிவிட்டார்.

"என்னா அதுன்னேன். உயிருள்ள படம், தொழுவுற எடம்ல, அதான்னாரு. சரிதான். அப்பறம் ஒவ்வொருத்தன்ட்டயும் ஒண்ணொண்ணு சொல்றாரே, நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? அந்தத் தாளுக்குக் கீழ ஒரு பொம்பள நிக்கிறா தம்பி. அது என் நெனப்பு. அவளுக்கு முன்னாலதான் இத்தன வருஷமா நான் தொழுதுக்கிட்டு இருக்கேன்."

"நீங்களே பிரிச்சுப் பாத்துருக்கலாமே லாத்தா" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"நான் பிரிச்சா நான் சந்தேகப்பட்டேன்னு ஆயிடும். ஒங்க கைபட்டுப் பிரிஞ்சா அது வேல. அதான் முனை தூக்கிக்கிட்டு நிக்கிதே. பாத்து, உள்ளத உள்ளபடி எங்கிட்ட சொல்லுங்க. எனக்குப் புடிச்சத சொல்லக் கூடாது."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஞ்சை நனைத்தேன். பழைய சுவரொட்டியை எடுப்பது போல முதலில் தாளை ஊறவிட்டு, பட்டித் தகட்டின் முனையால் மெல்ல நெம்பினேன். தாள் சுலபமாகத்தான் வந்தது. ஆனால் தனியாக வரவில்லை. ஓதத்தில் பசையும் படமும் ஒன்றாகிப் போயிருந்தன. படத்தின் தோலும் சேர்ந்து தாளோடு உரிந்து வந்துவிட்டது. மணலுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கட்டம் மட்டும் இருந்தது.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் பழுப்பும் கறுப்புமாக ஒரு கறை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீளமாக இரண்டு மூன்று கோடு. ஒட்டகத்தின் கால் என்றால் கால். அதையே கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் இரண்டு பேர் நெருங்கி நிற்பது போல, ஒருவர் துணி காற்றில் பறப்பது போல. மறுபடி நேராகப் பிடித்தேன். ஒட்டகம். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் பசைக் கறை.

"என்னா தெரியிது தம்பி?"

"தெரியலங்க லாத்தா. அழிஞ்சு போச்சு."

"கொடுங்க."

திரைக்குக் கீழே கை வந்தது. அரிசி களைந்த ஈரம் அப்படியே இருந்தது. தாளை வைத்தேன். கை உள்ளே போயிற்று. நான் போய்விடலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் காலி டப்பா ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் அப்போதுதான் வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஹாஜியாரும் கொடுத்துட்டாரு தம்பி, ஒரு சர்பத்தும் கொடுத்தாரு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர், படத்தைப் பார்த்தார். வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அவர் வாயில் பதில் எதுவும் தயாராக இல்லாமல் நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

பிறகு என்னிடம் திரும்பி, "அதுல என்னா தம்பி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நீங்கதானே பாய் ஒட்டுனீங்க?"

"நாந்தான் ஒட்டுனேன். ஒட்டகம்னுதான் நெனப்பு. ஆனா ஒவ்வொருத்தர்ட்டயும் ஒண்ணொண்ணு சொல்லிச் சொல்லி, எல்லாமே பாத்த மாதிரி இருக்கு. இப்ப நீங்க எத சொன்னாலும் ஆமான்னுதான் சொல்லுவேன்."

அவர் திரைப் பக்கம் இரண்டடி நடந்தார். "இதுக்காகத்தான் நீ கொடுக்கலியா?"

உள்ளே ஒரு டம்ளரை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"என்னா சொன்னா ஒனக்கு மனசு ஆறும், சொல்லு."

"எனக்கு மனசு ஆறுறத சொல்ல வேணாம்" என்றது குரல். "இத்தன நாளும் அதத்தான் சொன்னீங்க."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை ஆடவில்லை. என்னை அங்கே வைத்துக்கொண்டு பேச வேண்டாம் என்று நினைத்திருப்பார். நானும் வாசல் பக்கம் நகர்ந்தேன். ஆனால் என் ஏணி குறுக்கே இருந்தது. அதைத் தாண்டுவதற்குள் அவர் பேசிவிட்டார்.

"படத்துல என்னான்னு எனக்கு தெரியல புள்ள. சத்தியமா தெரியல. அடுத்த மாசம் வர்றேன், அடுத்த மாசம் வர்றேன்னு ஒங்கிட்ட சொன்னேனே, அதுல ஒரு தடவ கூட எனக்கு டிக்கெட் கெடையாது. லீவு கூட கேக்கல. நீ போன் வைக்கிறப்ப சிரிச்சுக்கிட்டு வைக்கணும்னு சொன்னேன். அது பொய். அது மட்டும் தெரியும்."

தெருவில் ஒரு ஆட்டோ போனது.

"ஒட்டகம்தான்" என்றார்கள் லாத்தா.

அவர் நிமிர்ந்தார்.

"நல்லாத் தெரியிது. ஒட்டகமும் அது மேல ஒரு கெழவனும். கெழவனுக்கு ஒங்க மூக்கு."

அந்தத் தாளை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன். அதில் கிழவனும் இல்லை, மூக்கும் இல்லை. லாத்தா எதைப் பார்த்தார்கள்? பார்த்து நம்பினார்களா, அவருக்காகச் சொன்னார்களா, தனக்காகச் சொன்னார்களா? மன்னித்தது அந்த அடுத்த மாசத்தையா, தாளுக்குக் கீழே நின்ற பெண்ணையா? எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, "இதுல என்ன கொழப்பம்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை.

"மாப்புக் கொடுத்தேன்" என்றது குரல். "போயி மொகத்த கழுவிட்டு வாங்க. தம்பிக்கு டீ வைக்கிறேன்."

மறுநாள் காலையில் சேகர் வந்தான். மேற்குச் சுவருக்கு இரண்டாவது கோட்டிங் அடித்தோம். மத்தியானத் தொழுகை முடிந்ததும் வேன் வந்தது, இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். சாயங்காலம் சுவர் காய்ந்த பிறகு படத்தைத் தூக்கி மாட்டினோம். வெள்ளையாக இருந்த இடத்தில், நாங்கள் ஒட்டாமலே, புதிதாக ஒரு பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது.